கட்டட வரைபட மென்பொருளில் கிரிட்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிறு மாலைகளில் டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்குக் கட்டட வரைபடம் சொல்லித்தருகிறேன். வார நாட்களில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் எழும் வீடுகளுக்கு பில்லர், பீம் வரைபடம் போடுவது தொழில். வகுப்பிலும் சைட்டிலும் கிரிட்டைப் பற்றி ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். கிரிட் கருவியில் என்னென்ன மாற வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதும் இடையிடையே வரும்.

"அண்ணா, ஆட்டோகேட்ல எஃப்7 அழுத்தினா கட்டம் கட்டமா வருதே, அதுதானே கிரிட்?"

இல்லை. அது திரையில் மட்டும் தெரியும் உதவிக் கட்டம். பிரிண்டில் வராது, கட்டடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாம் பேசும் கிரிட், பில்லர்கள் நிற்கும் அச்சுக்கோடுகள். நீளவாக்கில் ஒரு தொகுதி, குறுக்கே ஒரு தொகுதி. ஒன்றுக்கு எழுத்துப் பெயர், மற்றதற்கு எண். கோட்டின் நுனியில் வட்டம், வட்டத்துக்குள் பெயர்.

வெறும் ஆட்டோகேட்டில் இதற்கென்று தனிப் பொருள் கிடையாது. கோடு போட்டு, பெயர் எழுதிய வட்டத்தை பிளாக்காக ஒட்டிக்கொள்கிறோம். அதனால் அந்தக் கோடு தன்னைக் கிரிட் என்று அறியாது. ரெவிட், டெக்லா, ஈடாப்ஸ், ஆர்க்கிகேட், ஃப்ரீகேட் ஆகிய மென்பொருள்கள் எல்லாவற்றிலும் கிரிட் தனிப் பொருள். கீழே சொல்வதெல்லாம் அந்த வகையைப் பற்றித்தான்.

"மொத்தமே எட்டு பில்லர். இந்தச் சின்ன வீட்டுக்கு கிரிட் எதுக்கு சார்?"

எட்டு பில்லரையும் மேஸ்திரி எங்கே நிறுத்துவார்? மார்க்கிங் நாளன்று மனையின் ஓரத்தில் இரண்டிரண்டு முளை அடித்து, மேலே குறுக்குச் சட்டம் வைத்து, அதில் ஆணி அடிப்பார். ஆணிக்கு ஆணி நூல் ஓடும். இரண்டு நூல் வெட்டும் இடத்தில் தூக்குகுண்டு விட்டால் தரையில் விழும் புள்ளிதான் பில்லர். ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும் சட்டத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு பெயர் இருக்கும். நீங்கள் திரையில் போடும் வட்டம் அந்தப் பெயர். நீங்கள் போடும் கோடு அந்த நூல்.

சைட்டில் எல்லாரும் பேசுவது அந்தப் பெயரில்தான். "பி-3ல தண்ணி ஊறுது", "சி-2க்கு கம்பி பத்தல." வீடு சிறியது என்பதால் இந்தப் பேச்சு குறைவதில்லை.

"ஹெச் முடிஞ்சதும் ஜேன்னு போடச் சொல்றீங்க. ஐ என்ன பாவம் பண்ணிச்சு?"

ஐ எழுத்து ஒன்று போலவும், ஓ எழுத்து சுழி போலவும் தெரியும். அதனால் இரண்டையும் விட்டுவிடுவது பழைய வழக்கம். ரெவிட் தானாக விடாது. ஹெச்-க்குப் பிறகு ஐ என்றே போகும். நீங்கள் ஜே என்று மாற்றினால் அங்கிருந்து தொடரும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை எந்த மென்பொருளும் யோசித்ததில்லை. இரண்டாவது ஆங்கில எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே "பி". நான்காவதும் இருபதாவதும் இரண்டுமே "டி". மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டில் எல்லாம் தமிழில்தான் இருக்கும். எட்டு பில்லர் வீட்டில் இது வராது. மணலி, மாதவரம் பக்கம் நீளமான குடோன் ஷெட் போடும்போது வந்துவிடும். அப்படிப்பட்ட வேலையில் நீளவாட்டுக்கு எண்ணும், அகலவாட்டுக்கு எழுத்தும் வையுங்கள்; எழுத்து ஆறேழுக்குள் முடிந்துவிடும். கலவை மிஷின் ஓடும் சத்தத்தில் "பி"யும் "டி"யும் காதில் ஒன்றாக விழும் என்பதால், போனில் சொல்லும்போது "பாம்பே பி", "டெல்லி டி" என்றே சொல்லுங்கள்.

"கோடு பில்லர் நடுவுல போகணுமா, சுவர் வெளிப்பக்கம் போகணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இரண்டும் வழக்கத்தில் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரைபடத்தில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். என் வழக்கம்: வெளி ஓரக் கோடுகள் கான்கிரீட்டின் வெளி முகத்தில், உள்கோடுகள் பில்லர் நடுவில்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒன்பது இஞ்சு சுவர் 230 மி.மீ. முன்பெல்லாம் பில்லரையும் 230 அகலத்துக்கு வைத்துச் சுவருக்குள் மறைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே நடுக்கோடு. நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 13920-இன் 2016 பதிப்பு, அதன்படி வடிவமைக்கும் பில்லருக்குக் குறைந்தபட்ச அளவு 300 மி.மீ. என்கிறது. வெளி முகத்தைச் சமமாக வைத்தால் பில்லரின் நடு 150-இல், சுவரின் நடு 115-இல், 35 மி.மீ. வித்தியாசம். கீழ்த்தளத்தில் 450 பில்லர், மேலே 300 பில்லர் என்றால் நடுக்கோடே 75 மி.மீ. நகர்ந்துவிடும். கிரிட் நடுவில் இருந்தால் எந்தத் தளத்தின் நடு? வெளி முகம் எல்லாத் தளத்திலும் ஒன்றுதான்.

பில்லர், "இந்தக் கோட்டிலிருந்து என் முகம் இவ்வளவு" என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். பல கருவிகளில் பில்லரை முதலில் நடுவில் வைத்துவிட்டுக் கையால் தள்ளுகிறோம். தள்ளிய அளவு வெறும் எண்ணாகப் போய்விடுகிறது. ஏன் தள்ளினோம் என்பது எங்கும் இல்லை. அளவை மாற்றும்போது பில்லர் நடுவிலிருந்து இரு பக்கமும் விரிந்து, வெளிப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும்.

"எங்க மனை முன்னாடி அகலம், பின்னாடி குறுகல். கிரிட் நேரா போட்டா ஒத்து வரல."

வடசென்னையில் வரைபவருக்கு இதுதான் தினசரி வேலை. ஜார்ஜ் டவுனை மேலிருந்து பார்த்தால் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு எல்லாம் பக்கம் பக்கமாக வடக்கு நோக்கி ஓடும். கிரிட் போலவே இருக்கும். உள்ளே நுழைந்து டேப் பிடித்தால் ஒரு மனைகூட மூலைமட்டத்துக்கு நிற்காது. பொதுச்சுவரை ஒட்டிக் கட்டி, இடித்து, மறுபடி கட்டிய இடங்கள் அவை.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் அளந்த ஒரு மனை: முன்பக்கம் 16 அடி 4 இஞ்சு, பின்பக்கம் 15 அடி 1 இஞ்சு, நீளம் 72 அடி. முன்பக்கத்தோடு ஒரு பக்கச் சுவர் சரியான மூலைமட்டத்தில் இருந்தது. கோணல் முழுவதும் மறுபக்கத்தில். 72 அடியில் 15 இஞ்சு சாய்வு, அதாவது ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. திரையில் கண்ணுக்கே தெரியாது. மேஸ்திரி 3-4-5 அடி முக்கோணம் போட்டு மூலை பிடித்தால், 4 அடிக் கையில் அது முக்கால் இஞ்சுக்குச் சற்று மேல். நூல் தளர்வு என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் கிரிட்டை நேராக இழுத்தால் பின்கோடியில் பக்கத்து வீட்டுக்குள் 15 இஞ்சு போய்விடுகிறோம்.

நான் செய்தது: நேரான பக்கத்தை ஏ கோடாக வைத்தேன். எண் கோடுகள் எல்லாம் அதற்குச் செங்குத்து. பி கோடு மட்டும் சாய்வு. சாய்வை எல்லா அறைக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை; படிக்கட்டும் குளியலறையும் வரும் பக்கத்தில் மொத்தமாக வைத்தேன், ஹாலில் டைல்ஸ் கோடு நேராக நின்றது. பி கோட்டில் நிற்கும் பில்லர்களைக் கோட்டோடு திருப்பவில்லை. 450 நீளப் பில்லருக்கு இந்தச் சாய்வு 8 மி.மீ.தான், பூச்சில் போய்விடும். மூன்று, நான்கு டிகிரி என்றால் இந்தச் சலுகை கிடையாது, பில்லரையும் கோட்டோடு திருப்ப வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். ரெவிட்டில் கோடு அச்சிலிருந்து மிகச் சிறிதளவு விலகியிருந்தால் எச்சரிக்கை வரும். கை நடுங்கிப் போட்ட கோட்டுக்கு அது நல்ல எச்சரிக்கை. மனையே ஒரு டிகிரி சாய்வு என்றால் கோணத்தை எண்ணாகத் தட்டிப் போடுங்கள், கண்ணளவில் இழுக்காதீர்கள்.

"அடியில அளந்து எம்எம்ல போட்டா கடைசி பில்லர்ல ஒரு இஞ்சு இடிக்குதே?"

10 அடி 7 இஞ்சு என்பது 3225.8 மி.மீ. யாரோ அதை 3230 என்று "ரவுண்ட்" செய்திருப்பார்கள். ஆறு இடைவெளியில் 25.2 மி.மீ. கூடிவிடும். அதுதான் உங்கள் ஒரு இஞ்சு.

முழுமையாக்க வேண்டுமென்றால் முதல் கோட்டிலிருந்து வரும் மொத்தத் தூரத்தை முழுமையாக்குங்கள், ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். சைட்டிலும் அப்படித்தான்: டேப்பின் சுழியை முதல் ஆணியில் மாட்டி, எடுக்காமல் கடைசி வரை ஓட்டுவார் நல்ல மேஸ்திரி. டெக்லாவில் இன்னொரு நுணுக்கம்: நீள, அகல வாட்டில் தட்டுவது முந்தைய கோட்டிலிருந்து உள்ள தூரம், உயரத்துக்குத் தட்டுவது சுழியிலிருந்து உள்ள அளவு. இதை அறியாமல் மாடிகளை வானத்துக்கு ஏற்றியவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

"கிரிட்டை நகர்த்தினா பில்லரும் கூடவே வரணுமா, வரக் கூடாதா?"

வேலையின் கட்டத்தைப் பொறுத்தது. வரைபடம் பேச்சில் இருக்கும்வரை கூடவே வருவது வசதி. ரெவிட்டில் பில்லருக்கு, கிரிட்டோடு நகரலாமா என்று ஒரு டிக் உண்டு. டெக்லாவில் கிரிட் தளத்துக்குக் காந்தம் போல ஒட்டும் அமைப்பு, சாப்2000 என்ற மென்பொருளில் கிரிட்டோடு பசை போட்டது போல ஒட்டும் தேர்வு. ஃபுட்டிங் (பில்லரின் அடித்தளம்) தோண்டிய பிறகு எதுவுமே நகரக் கூடாது. எல்லாக் கோட்டையும் பின் (pin) அடித்துப் பூட்டிவிடுங்கள்.

நகர்த்தும் முன், "இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு 7 பில்லர், 5 பீம், 2 சுவர் இருக்கின்றன, இதில் எது வர வேண்டும்?" என்று கருவி கேட்க வேண்டும். இன்று நகர்த்தியபின்தான் எது வந்தது, எது வரவில்லை என்று தேடுகிறோம்.

"நடுவுல ஒரு கோடு புதுசா வந்தா, அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் நம்பர் மாத்தணுமா?"

மாற்றவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நான் முன்பு வரைந்துகொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. ஆறு எண் கோடுகள் உள்ள வீடு. வீட்டுக்காரர் பிறகு லிஃப்ட் வேண்டும் என்றார். 3-க்கும் 4-க்கும் நடுவே ஒரு கோடு சேர்ந்தது. வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று புதுக்கோட்டுக்கு 4 என்று பெயரிட்டு, பழைய 4, 5, 6 மூன்றையும் 5, 6, 7 ஆக்கினோம். தள வரைபடம் மாறியது. ஃபுட்டிங் அட்டவணை வேறு கணினியில் இருந்தது, அது மாறவில்லை. சைட்டில் சட்டத்தின் மேல் சிவப்புப் பெயின்ட் பழைய பெயரோடு நின்றது. மேஸ்திரி 4 என்றால் பெயின்டில் உள்ள 4 என்றுதானே எடுப்பார்? அடுத்த நாள் நான் போனபோது இரண்டு குழியில் தவறான அளவுக்கு அடிக் கான்கிரீட் காய்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி திட்டவில்லை. "பேரை மாத்துறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். கடப்பாரையால் உடைத்து எடுத்தோம்.

அன்றிலிருந்து என் விதி: வரைபடம் ஒருமுறை அலுவலகத்தை விட்டு வெளியே போய்விட்டால் பெயர் மாறாது. நடுவில் வருவதற்கு 3.1 என்று பெயர். பலர் 3ஏ என்று வைப்பார்கள், வேண்டாம். ஏ கோடும் 3-ஆம் கோடும் வெட்டும் இடத்தை "ஏ-3" என்று சொல்வோம், "3ஏ" அதோடு குழம்பும். "மூணு பாயிண்ட் ஒண்ணு" என்றால் யாருக்கும் குழப்பமில்லை. நீக்கிய கோட்டின் பெயரை மறுபடி வேறு கோட்டுக்குக் கொடுக்காதீர்கள். அந்த எண் அத்தோடு முடிந்தது.

"கீழ்த்தளத்துல இருக்கு, மூணாவது மாடியில கிரிட் காணோம்."

ரெவிட்டில் ஒரு கிரிட் எந்த உயரம் வரை நிற்கிறதோ, அந்த உயரத்துக்குள் வரும் தளங்களில்தான் தெரியும். எலிவேஷனுக்கு (பக்கத் தோற்றத்துக்கு) போய்க் கோட்டின் தலையை மேல் தளத்துக்கும் மேலே இழுங்கள். தளம் அதிகமென்றால், கோடுகளின் எல்லையை மொத்தமாகக் குறிக்கும் ஸ்கோப் பாக்ஸ் போட்டு எல்லாக் கோட்டையும் அதில் மாட்டிவிடுங்கள்.

"சர்வேயர் கொடுத்த கோஆர்டினேட்லயே கிரிட் போட்டேன். ஜூம் பண்ணா கோடெல்லாம் நடுங்குது."

சர்வே அளவு பெரும்பாலும் யூடிஎம் முறையில், அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறையில் வரும். சென்னை 44-ஆம் மண்டலம். நம் பகுதியின் வடக்களவு (நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தூரம்) ஏறக்குறைய 14,50,000 மீட்டர். மி.மீ. கணக்கில் 145 கோடி. திரையில் காட்டும் வேலைக்குப் பெரும்பாலும் 32 பிட் எண் பயன்படும். அதில் ஏழு இலக்கம்தான் நம்பகம். 145 கோடிக்குப் பக்கத்தில் அந்த வகை எண் 128 மி.மீ. படிகளில்தான் நகர முடியும். பில்லர் நடுங்காமல் என்ன செய்யும்?

ஏ-1 புள்ளியை மாடலின் மூலப்புள்ளிக்கு அருகில் வையுங்கள். அந்தப் புள்ளியின் சர்வே அளவையும் வடதிசைக் கோணத்தையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். ரெவிட்டில் சர்வே பாயிண்ட் இருப்பது இதற்குத்தான். மூலப்புள்ளியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்குள் மாடல் இருக்க வேண்டும் என்பது அந்த மென்பொருளின் வரம்பு.

"ஐஎஃப்சியா அனுப்பினா எதிர்ப்பக்கம் கிரிட் வரவே இல்ல, வந்தாலும் பேர் இல்லாம வருது."

ஐஎஃப்சி என்பது மென்பொருள்களுக்கு இடையே மாடலைக் கைமாற்றும் பொதுவான கோப்பு முறை; ஐஎஸ்ஓ 16739 தரநிலை. அதில் கிரிட்டுக்கு இடம் இருக்கிறது: யூ, வி என்று இரண்டு தொகுப்பு கட்டாயம், டபிள்யூ என்று மூன்றாவது விருப்பம். ஒரே திசைக் கோடுகளை மட்டும் போட்டு அனுப்பினால் விதிப்படி அது முழுமையான கிரிட் ஆகாது. காணாமல் போக இது ஒரு காரணம். அனுப்பும் முன் இரண்டு திசையிலும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஐஎஃப்சியில் சுவர், பில்லர், கிரிட் ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண் உண்டு. ஆனால் கிரிட்டுக்குள் இருக்கும் தனித்தனிக் கோட்டுக்கு அது கிடையாது. கோட்டுக்கு அதன் பெயர்தான் அடையாளம். அந்தப் பெயரும் விருப்பத் தேர்வாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்னது போல யாராவது 4-ஐ 5 ஆக்கினால், அது நகர்ந்த கோடா, பெயர் மாறிய கோடா, புதுக் கோடா என்று எதிர்ப்பக்கக் கணினிக்குத் தெரிய வழியில்லை. பில்லரின் இடத்தை "பி-யும் 3-ம் வெட்டும் இடம்" என்று எழுதவும் அந்தத் தரநிலையில் வழி உண்டு. ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் அதைத் தொடுவதில்லை, வெறும் தூரத்தையே எழுதுகின்றன.

"இலவசமா கிடைக்கிற ஃப்ரீகேட்ல இதெல்லாம் இருக்கா? இல்லன்னா என்ன சேர்க்கணும்?"

அடித்தளம் நன்றாகவே இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து கட்டட மாடலுக்கான பிம் பகுதி அதற்குள்ளேயே சேர்ந்து வருகிறது. அதில் ஆக்ஸிஸ் என்ற கருவி ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளி, கோணம், பெயர் மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். கோணம் தனியாக இருப்பது நம் கோணல் மனைக்குப் பெரிய உதவி. இரண்டு, மூன்று ஆக்ஸிஸைச் சேர்த்து ஒரு தொகுப்பாக்கலாம்.

முதலில் வேண்டியது பெயர்ப் பூட்டு. "வெளியே அனுப்பிவிட்டேன்" என்று ஒரு பொத்தான்; அதன் பிறகு நடுவில் கோடு சேர்த்தால் 3.1 என்று தானே வர வேண்டும், மற்றப் பெயர்கள் அசையக் கூடாது. அடுத்தது கூட்டல் சரிபார்ப்பு: மொத்த நீளத்தையும் தட்டினால் இடைவெளிகளின் கூட்டல் அதோடு ஒத்துப் போகிறதா என்று காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் ஆசைப்படுவது மார்க்கிங் தாள். ஏ-1 புள்ளியிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் மொத்தத் தூரம், அடி-இஞ்சிலும் மி.மீ.யிலும், நான்கு மூலைக்கும் கிராஸ் அளவு, அதாவது மூலைக்கு எதிர்மூலை தூரம். மேலே சொன்ன மனைக்கு ஒரு கிராஸ் 73 அடி 6¾ இஞ்சு, மற்றது 73 அடி 10 இஞ்சு. இரண்டு கிராஸும் சமமாக இருந்தால் மூலை சரி என்று பழகிய மேஸ்திரி, இங்கே 3 இஞ்சு வித்தியாசம் இருந்தால்தான் சரி என்பதை எப்படி அறிவார்? அவர் கையில் அந்த இரண்டு எண் இருக்க வேண்டும். கணினிக்கு அது ஒரு நொடி வேலை. இன்று நான் கால்குலேட்டரில் போட்டுத் தாள் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

"எனக்கு கோடிங் தெரியாது சார். நான் சொன்னா அவங்க கேப்பாங்களா?"

கேட்பார்கள், சொல்லும் விதத்தில் சொன்னால். "கிரிட் கருவி சரியில்லை" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஒரே ஒரு குறை, அது வரும் சின்னஞ்சிறு கோப்பு, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், இவ்வளவும் இருந்தால் போதும். ஃப்ரீகேட்டின் பிம் பகுதி பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. உங்கள் பேட்ச்சில் யாருக்காவது பைத்தான் தெரிந்தால் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள்.

கோப்பில் சதுரமான கற்பனை மனையைப் போடாதீர்கள், அதில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் வேலை செய்யும். நான் எப்போதும் அனுப்புவது அந்த வண்ணாரப்பேட்டை மனையைத்தான்: முன்னால் 16 அடி 4 இஞ்சு, பின்னால் 15 அடி 1 இஞ்சு, நீளம் 72 அடி, நடுவில் 3.1.